ஐந்தரை வருஷம் கழித்து மறுபடி டேலி முன்னால்

2016 டிசம்பரில், டேலி என்ற மென்பொருளில் கணக்கு எழுதும் வேலையை நான் விட்டபோது ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி) கிடையாது. வாட், சிஎஸ்டி, சி ஃபார்ம் என்று பழைய விற்பனை வரிகளின் காலம். 2022 ஜூனில் திரும்பிப் போனேன். பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு மூன்று முடியவில்லை.

ஒரு வயிற்றெரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் விட்ட சமயத்தில் பேறுகால விடுப்பு 12 வாரம்தான். பன்னிரண்டு வாரத்தில் பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். மகள் பிறந்தது 2017 பிப்ரவரி. அந்த ஏப்ரல் 1 முதல் 26 வாரம் ஆனது. ஏற்கெனவே விடுப்பில் இருந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். அவசரப்படாமல் விடுப்பில் மட்டும் போயிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும். கர்ப்பமாக இருக்கும் தோழிகள் யாராவது ராஜினாமா என்றால் இப்போதெல்லாம் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிடுகிறேன்.

திரும்பப் போக முடிவெடுத்ததும் நான் பயந்தது பாடத்துக்குத்தான். ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் வீட்டுக்காரர் லேப்டாப்பில் டேலியின் புதிய பதிப்பான டேலி பிரைம் போட்டுப் பழகினேன். காசு கட்டாத கல்விப் பதிப்பில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். அதனால் என் கற்பனைக் கடையில் எல்லா வியாபாரமும் மாதத்தின் முதல் இரண்டு நாளிலேயே முடிந்துவிடும். எஃப்8 பொத்தானில் விற்பனை, எஃப்9-இல் கொள்முதல் எல்லாம் விரல் மறக்கவில்லை. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20-ஆம் தேதி 3பி (வரி கட்டும் கணக்கு), 2பி-யில் (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வராத பில்லுக்கு உள்ளீட்டு வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழிப்பது, கிடையாது என்று நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்தேன்.

முதல் நேர்காணலில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. "ஏம்மா, பையனுக்கு ஜுரம் வந்தா யாரு பாப்பாங்க?" என்றார் முதலாளி. "எங்க அத்தை பாத்துப்பாங்க சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை, "என்னைக் கேக்காமயே என் தலைல கட்டிட்டு வந்துட்டியா?" என்றார். நியாயமான கேள்வி. மூட்டுவலியோடு இருப்பவர். அந்த இடத்திலிருந்து அழைப்பும் வரவில்லை, நல்லதுதான்.

அதன்பிறகுதான் உட்கார்ந்து பேசினோம். மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை அத்தை பார்த்துக்கொள்வார், சமையல் அவர் தலையில் கிடையாது. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை என்பதால் எந்த வாரம் யார் பள்ளிக்கு அனுப்புவது, யார் மருத்துவமனைக்கு ஓடுவது என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். பிறகு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலிருந்து காலை எட்டேகாலுக்குச் சேலை கட்டி, டப்பா எடுத்துக்கொண்டு கிளம்பி மஞ்சக்குப்பத்தில் சித்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன். சித்தி சிரித்தார். ஆனால் பிளே ஸ்கூல் பன்னிரண்டரைக்கு விட்டாலும் ஆட்டோவில் கடைசியாக இறங்குவது என் பையன், வீடு சேர ஒன்று பத்து ஆகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் அத்தை மூன்று முறை போன் செய்தார். நான்காம் நாள் ஒரு முறைகூட இல்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

வேலை கிடைத்தது புதுச்சேரி முதலியார்பேட்டையில், பெயின்ட் மொத்த வியாபாரம். கடலூர் ரோட்டிலேயே இருப்பதால் ஒரே பஸ். இங்கேயும் ஜுரக் கேள்வி வந்தது. இந்த முறை ஃப்ரிட்ஜ் கதவில் இருந்ததை அப்படியே சொன்னேன். தப்பு செய்தது சம்பளத்தில். தொகை பேசும் முன்னாலேயே "அஞ்சேகாலுக்குக் கிளம்பணும் சார்" என்று ஆரம்பித்துவிட்டேன். 2016-இல் வாங்கியது 14,000. இங்கே 12,000 என்றார்கள், தலையாட்டினேன். சம்பளத்தை முடித்துவிட்டு நேரத்தைப் பேசியிருக்க வேண்டும்.

நோட்டுப் போட்டுப் படித்தவள் முதல் வாரமே சறுக்கினேன். கடலூர் கடை ஒன்றுக்கு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் போடுகிற மாதிரி சிஜிஎஸ்டி (மத்திய வரி) 9 சதவீதம், எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) 9 சதவீதம் என்று பில் போட்டுவிட்டேன். பெண்ணையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண் கொடுத்து எடுக்கிற ஊர்கள். கடலூரும் பாண்டியும் வேறு மாநிலம் என்று மனசுக்குத் தோன்றவே இல்லை. வரிக்கணக்கில் மாநில எண் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. எல்லை தாண்டினால் இரண்டுக்கும் பதிலாக ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி, 18 சதவீதம். ஐம்பதாயிரத்துக்குக் குறைந்த பில் என்பதால் ஈ-வே பில் (சரக்கை அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை, அதைப் போடும்போது கண்ணில் படவும் வழியில்லை. மாதக் கணக்கைச் சரிபார்த்த சீனியர் அக்காதான் பிடித்தார். தாக்கலுக்கு முன் என்பதால் திருத்திக் கொடுத்தோம். "தினமும் எல்லை தாண்டித்தானேம்மா வர்ற?" என்றார். அதற்கப்புறம் அந்தத் தப்பு வரவில்லை.

ஜிஎஸ்டி மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. நான் நினைத்தே பார்க்காத பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி)-தான் இழுத்தது. பிஎஃப் கணக்குக்கான பழைய யுஏஎன் எண்ணில் அப்பா இனிஷியல், ஆதாரில் கல்யாணத்துக்குப் பின் மாற்றிய வீட்டுக்காரர் இனிஷியல். அதில் பதிந்த செல் நம்பரை எப்போதோ விட்டாயிற்று, ஓடிபி யாருக்குப் போகிறதோ. பெயர் திருத்தத்துக்கு அப்போது பழைய நிறுவனத்தில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. நான் இருந்தபோது இருந்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை. நான்கு மாதம் அலைந்தேன். நல்லவேளை, எடுக்காமல் விட்டிருந்த பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. இடைவெளி விடப் போகிறவர்கள் யுஏஎன்னில் இருக்கும் நம்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு வருஷம் முடிந்ததும் சம்பளம் கேட்டேன். ஐந்தேகாலைப் பற்றி நான் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. 15,500 ஆனது. அதிலிருந்து மாதம் ஆயிரம் அத்தை கையில் கொடுக்கிறேன். முதல் தடவை வேண்டாம் என்றார், இரண்டாம் மாதம் தேதி தள்ளிப்போனதும் கேட்டே வாங்கிக்கொண்டார்.