தமிழும் பர்மியமும் பழகிய வாய்க்கு ஆங்கில வாக்கியம்

வீட்டில் தமிழ், பள்ளியிலும் கடைத்தெருவிலும் பர்மியம் என்று ரங்கூனில் வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் கண்டபடி வருபவை அல்ல. சில தமிழிலிருந்து வரும், சில பர்மியத்திலிருந்து வரும், சில இரண்டும் சேர்ந்து இழுப்பதால் வரும். எது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் விதிகளை மனப்பாடம் செய்ய வைப்பதால்தான், தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகூட சிங்கப்பூர் வேலைக்கான நேர்காணலில் மூன்றாவது வாக்கியத்திலேயே தடுமாறுகிறது.

இரண்டும் சேர்ந்து இழுக்கும் இடம் கேள்வி. தமிழில் 'சாப்பிட்டியா', பர்மியத்தில் 'தமின் சா பீ பீ லா'. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு வாலில் ஓர் 'ஆ'வோ 'லா'வோ ஒட்டினால் போதும், கேள்வியாகிவிடும். அந்தப் பழக்கத்தில் 'யூ ஈட் ஆல்ரெடி?' என்று குரலை மட்டும் உயர்த்திவிடுகிறோம். ஆங்கிலத்திலோ கேள்வி என்பது வாக்கியத்தின் தலையிலேயே தெரிந்துவிட வேண்டும். துணைவினை இருந்தால் கவலையில்லை, அதைத் தூக்கி எழுவாய்க்கு முன்னால் வைத்தால் முடிந்தது: 'யூ ஆர் கோயிங்' என்பது 'ஆர் யூ கோயிங்?' ஆகும், 'ஷீ கேன் குக்' என்பது 'கேன் ஷீ குக்?' ஆகும்.

துணைவினை இல்லாத வாக்கியத்தில்தான் சிக்கல். 'ஹீ வொர்க்ஸ் இன் பெகு' என்பதில் முன்னால் தள்ள எதுவும் இல்லை. அதற்காக 'டஸ்' வருகிறது: 'டஸ் ஹீ வொர்க் இன் பெகு?' இதில் 'வொர்க்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' எங்கே போனது என்று பிள்ளையையே கேளுங்கள். 'டஸ்' அதை வாங்கிக்கொண்டது. 'டிட்' வந்தால் இறந்தகாலத்தையும் அதுவே வாங்கிக்கொள்ளும், 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகிவிடும். 'டிட் யூ வென்ட்?' என்று எல்லோரும் தவறுவது காலத்தை இரண்டு இடத்தில் போட்டுவிடுவதால்தான். எதிர்மறைக்கும் இதே கணக்கு: 'ஹீ டஸிண்ட் வொர்க்', 'ஹீ டிடிண்ட் கோ'. எதிர்மறையில் மட்டும் பர்மியம் கை கொடுக்கும். 'போகலை' என்று தமிழ் கடைசியில் மறுக்கிறது. 'ம த்வா பூ' என்பதில் 'ம' வினைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அந்த 'ம' இருக்கும் இடத்தில் 'டோன்ட்', 'டஸிண்ட்', 'டிடிண்ட்' மூன்றில் ஒன்றை வைக்கச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பயிற்சியை எழுத்தில் கொடுக்காதீர்கள், வாயால் சொல்ல வையுங்கள். ஒரே வினையை ஆறு விதமாக: 'ஹீ கோஸ்', 'டஸ் ஹீ கோ', 'ஹீ டஸிண்ட் கோ', 'ஹீ வென்ட்', 'டிட் ஹீ கோ', 'ஹீ டிடிண்ட் கோ'. நாளுக்கு ஐந்து வினை போதும்.

அந்த 'ஸ்' பற்றி இன்னும் கொஞ்சம். 'நான் போறேன், அவன் போறான்' என்று ஆளுக்கேற்ப வினையை மாற்றுவது தமிழருக்குப் புதிதல்ல. பர்மிய வினை யாருக்காகவும் மாறாது. ஆனால் பிள்ளைகள் 'ஸ்' விடுவதற்கு இலக்கணம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. பர்மிய அசை உயிரொலியில் முடியும், மூக்கொலியில் முடியும், அல்லது தொண்டையில் சட்டென்று வெட்டி நிற்கும். 'ஸ்', 'ட்' என்று வெளிப்படையாக முடியாது. அதனால் 'வொர்க்ஸ்', 'வொர்க்ட்' இரண்டும் வாயில் 'வொ' என்று நின்றுவிடுகின்றன, பிறகு அதே பழக்கம் எழுத்திலும் ஏறுகிறது. இதற்கு மருந்து, அடுத்த சொல்லை உயிரெழுத்தில் தொடங்க வைப்பது. 'வொர்க்ஸ் இன்' என்பதை 'வொர்க்-சின்' என்றும், 'வொர்க்ட் ஆன்' என்பதை 'வொர்க்-டான்' என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னால் விழுங்கிய ஒலி வெளியே வந்துவிடும். 'பஸ்ஸு' என்று உகரம் சேர்க்கும் நம் பாட்டிமாரின் ஆங்கிலத்தைச் சிரிக்கிறார்கள். அதில் 'ஸ்' பத்திரமாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது 'இருக்கு'. 'தெருவில் ஒரு டீக்கடை இருக்கு', 'எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க' இரண்டுக்கும் தமிழில் ஒரே வினை. பர்மியத்திலும் இரண்டுக்கும் 'ஷி தெ' தான். விளைவு, 'இன் மை ஸ்ட்ரீட் ஹேவ் எ டீஷாப்'. வாக்கியத்தைத் தொடங்குமுன் ஒன்றைப் பார்த்தால் போதும்: உடையவர் ஓர் ஆளா, வெறும் இடமா? ஆள் என்றால் 'ஐ ஹேவ்', 'ஷீ ஹேஸ்'. இடம் என்றால் 'தேர் இஸ்', பல பொருள் என்றால் 'தேர் ஆர்'. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' வேண்டாம். உடைமைக்கு 'ஹேவிங்' வராது.

தமிழின் 'எனக்கு' தனித் தொல்லை. எனக்குத் தெரியும், எனக்கு வேணும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பயமா இருக்கு, எனக்குப் பசிக்குது எல்லாமே ஆங்கிலத்தில் 'ஐ' என்றுதான் தொடங்கும். முதல் மூன்றும் நேர் வினை: 'ஐ நோ', 'ஐ வான்ட்', 'ஐ லைக்'. கடைசி இரண்டுக்கும் 'ஐ ஆம்' வேண்டும்: 'ஐ ஆம் அஃப்ரெய்ட்', 'ஐ ஆம் ஹங்க்ரி'. பர்மியத்தில் பசிப்பது வயிறு, 'பைக் சா தெ'. அதனால் 'மை ஸ்டமக் இஸ் ஹங்க்ரி' என்றும் காதில் விழும்.

காலம் என்று வந்தால் தமிழைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'தெ' என்ற பர்மிய ஈறு நேற்றுக்கும் வரும், தினமும் நடப்பதற்கும் வரும். 'எஸ்டர்டே ஐ கோ' பிறப்பது அங்கே. 'போனேன்' என்று மனதில் சொன்னால் 'வென்ட்' வந்துவிடும். 'போயிருக்கேன்' என்பது 'ஹேவ் பீன்': 'ஐ ஹேவ் பீன் டு சிங்கப்பூர்'. நேற்று, போன வருஷம், 2019 என்று முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் 'ஹேவ்' நீங்கிவிட வேண்டும்: 'ஐ வென்ட் டு சிங்கப்பூர் இன் 2019'. 'ஹீ ஹேஸ் கான் டு சிங்கப்பூர்' என்றால் ஆள் இன்னும் திரும்பவில்லை என்று பொருள்.

'ஹீ', 'ஷீ' குழப்பமும் உண்டு. பர்மியப் பேச்சில் இருவருக்கும் 'து' ஒன்றே. தமிழிலும் மரியாதைக்கு 'அவங்க' என்றால் ஆணா பெண்ணா தெரியாது. பழகப் பழகச் சரியாகிவிடும்.

உண்மையில் ஆபத்தானது எதிர்மறைக் கேள்விக்குச் சொல்லும் பதில். 'இன்னும் மாத்திரை போடலையா?' என்று கேட்டால், போடாதவர் 'ஆமா, போடலை' என்பார். பர்மியத்திலும் 'ஹோக் கே' என்று கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்வார். ஆங்கிலத்தில் 'ஹேவின்ட் யூ டேக்கன் தி டேப்லெட்?' என்று நர்ஸ் கேட்கும்போது 'யெஸ்' என்றால், போட்டாயிற்று என்று அவர் எடுத்துக்கொள்வார்; அந்த வேளை மாத்திரை தவறிப்போகும். கேள்வியின் வடிவத்தைப் பார்க்காதீர்கள், நடந்ததைப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் 'நோ, ஐ ஹேவின்ட்'. நடந்தது என்றால் 'யெஸ், ஐ ஹேவ்'. 'யெஸ்', 'நோ' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் பின்னால் துணைவினையையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இருந்தால், முதல் சொல் தவறினாலும் கேட்பவர் சரியாகப் புரிந்துகொள்வார். 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்பதும் இதே வகைதான். உட்காரட்டும் என்று நினைத்து 'யெஸ்' சொன்னால், எனக்கு ஆட்சேபணை இருக்கிறது என்று சொன்னதாகிவிடும்.

நீளமான வாக்கியத்துக்கு ஒரே ஒரு உத்தி. 'நேத்து வந்த ஆள்', 'மநேக லா தெ லூ' இரண்டிலும் விவரம் முன்னால், ஆள் பின்னால். ஆங்கிலத்தில் முதலில் ஆளைச் சொல்லி, 'ஹூ' போட்டு, பிறகு விவரம்: 'தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே'. பொருளானால் 'தட்': 'தி ஃபோன் தட் ஐ பாட்'. இதன் பின்னால் 'இட்' சேர்க்கக் கூடாது. 'தி ஃபோன் தட் ஐ பாட் இட்' பிழை. 'பிகாஸ்' காரணத்துக்கு முன்னால் நிற்கும். அது வந்தபின் 'ஸோ' தேவையில்லை. 'ஆல்தோ' வந்தால் 'பட்' கூடாது.

'எ', 'தி' இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை சொல்லும் ஒரு பொருளுக்கு 'எ', கேட்பவருக்கு எது என்று தெரிந்த பிறகு 'தி' என்பது ஆரம்பத்துக்குப் போதும். இவை விடுபட்டால் பேச்சு கொஞ்சம் நொண்டும், பொருள் பெரும்பாலும் கெடாது. 'டிட்' விடுபட்டால் எப்போது நடந்தது என்றே தெரியாது. பிள்ளையிடம் இருக்கும் நேரத்தை அங்கே செலவிடுங்கள்.