செங்காந்தள் கம்மல்: ஒன்பதாவது தட்டில் நின்ற அலை

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஓடிஜியிலிருந்து (சின்ன மின்சார அடுப்பு) தட்டை வெளியே எடுத்து, மேலே கிடந்த சோள மாவை ஊதிவிட்டுப் பார்த்தேன். செங்காந்தள் பூ வடிவக் கம்மலுக்காகப் பாலிமர் க்ளேயில் (சூட்டில் இறுகும் செயற்கைக் களிமண்) செய்த ஆறு இதழும் நான் வைத்தபடியே இருந்தன. ஓரத்து அலை ஒன்றுகூடப் படுத்துவிடவில்லை. புரட்டாசியில் ஆரம்பித்த வேலை, இது ஒன்பதாவது தட்டு. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், எழுப்பிக் காட்ட மனம் வரவில்லை. சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

மூலனூர் பக்கம் சித்தி ஊருக்குப் போனபோதுதான் இந்த ஆசை பிடித்தது. அங்கே செங்காந்தளைக் கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும். விதைக்காகப் பயிரிடுகிறார்கள், விதை மருந்துக்குப் போகிறது. கம்பிப் பந்தலில் கொடி ஏறி, பூ தலைகீழாகத் தொங்குகிறது. இதழ்கள் மட்டும் பின்னால் மடிந்து மேலே பார்க்கின்றன, தீக்கொழுந்து மாதிரி. காலை வெயில் ஏறுவதற்குள் பெண்கள் பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் வைத்துக்கொண்டே போனார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக ஒடிந்து பக்கவாட்டில் நீண்டுவிடுகிறது. மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்கிறது. கையால் தொட்டு வைத்தால் காய் நன்றாகப் பிடிக்கும் என்று சித்தி சொன்னார். கம்மலில் இந்த ஒடிந்த தண்டு வந்தே ஆக வேண்டும் என்று அந்த வரப்பிலேயே முடிவு செய்துவிட்டேன். படத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நாலு பூவை வாங்கிப் பையில் வைத்தபோது சித்தி, "கை கழுவீட்டுத்தான் சோறு திங்கோணும் கண்ணு, இது வெசம்" என்றார். அது நிஜம். செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அதிகம். மாதிரிக்கு வைத்துச் செய்கிறவர்கள் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டுக்கு வந்ததும் இதழ்களைப் பிரித்து ஸ்கேனரில் போட்டுப் பதிந்துகொண்டு, பூவைப் புதைத்துவிட்டேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். என் அளவு இதழுக்கு 28 மி.மீ. நீளம், அகலமான இடத்தில் 6 மி.மீ. நிஜப் பூவில் பாதிக்கும் குறைவுதான். நிறத்துக்கு வழக்கமான ஸ்கின்னர் பிளெண்ட் (ஒரு நிறம் இன்னொன்றாகப் படிப்படியாக மாறும்படி க்ளேயை மடித்து உருட்டுவது), அடியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, மேலே சிவப்பு. அதில் மூன்றில் ஒரு பங்கு செர்னிட் கம்பெனியின் டிரான்ஸ்லூசன்ட், அதாவது அரை ஒளி ஊடுருவும் க்ளே, கலந்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இதழ் உள்ளுக்குள் எரிகிற மாதிரி இருப்பது அதனால்தான்.

பூவை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிவந்த பகுதியிலும் ஓரத்தில் மஞ்சள் கோடு ஒன்று ஓடும். முதலில் அதை அக்ரிலிக் பெயின்டில் தீட்டினேன், பொம்மை மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் பிளெண்ட் ஷீட்டுக்கு அடியில் சுத்த மஞ்சள் ஷீட் ஒன்றை ஒட்டி, அரை மி.மீ. வெளியே தெரியும்படி வெட்டினேன். ஓரத்தை அழுத்தும்போது மஞ்சள் தானாக வெளியே பிதுங்கிக் கோடாகிவிடுகிறது. தூரிகையே வேண்டாம். இந்த ஒரு யோசனைக்காக எனக்கு நானே ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

இனி அலை. இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் மூன்று தட்டு வரைக்கும் அலையை விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கிள்ளினால் வருவது மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் ரேகை பதியும், மடிந்த இடம் தடிக்கும், இதழ் சுருங்கிக் குட்டையாகும். நிஜ இதழை ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இதழின் நடுநரம்பு ஒரு நீளம், ஓரம் அதைவிட நீளம். மிச்ச நீளத்துக்குப் போக்கிடம் இல்லாததால் அது மேலும் கீழுமாக நெளிகிறது. அப்படியானால் அலையை நாம் போட வேண்டியதே இல்லை. ஓரத்தை நீட்டிவிட்டால் போதும், அலை தானே வந்துவிடும். கேக் மேல் சர்க்கரைப் பூ செய்கிறவர்கள் வெகு நாளாகச் செய்வது இதைத்தான். நம் பக்கம் இதைச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லாமல் இரண்டு வாரம் போய்விட்டது.

நீட்டுவதற்கு 3 மி.மீ. பால் டூல் (நுனியில் உருண்டை வைத்த குச்சி) போதும். இதழை ஈவிஏ ஃபோம் ஷீட்டின் (மெத்தென்ற ரப்பர் மாதிரித் தாள்) மேல் வைத்து, உருண்டையின் பாதி க்ளேயிலும் பாதி ஃபோமிலும் படும்படி, ஓரத்தோடு ஒட்டி ஒரே திசையில் இழுக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துச் செய்தால் அழகாக வரும் என்பார்கள். டிசம்பரில் வரலாம். நம் ஊர் வெயிலில் உள்ளங்கைச் சூட்டுக்கு இதழ் அல்வாவாகிவிடுகிறது. நடுவில் கிட்டத்தட்ட 1 மி.மீ. கனம், ஓரத்தில் அதில் பாதி, இந்தக் கணக்கு எனக்குச் சரியாக வருகிறது. எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் கொடுத்தால் இட்லித் தட்டில் வார்த்த மாதிரி அலை ஒரே சீராகிவிடும். நான் கொண்டுவந்த பூவில் இடுப்புப் பக்கம் அலை நெருக்கம், நுனிக்குப் போகப் போக நீளம். அதனால் இடுப்பில் ஐந்து முறை, நுனியில் இரண்டு முறை இழுக்கிறேன். கடைசியில் ஊசியால் நீளவாக்கில் நாலு கோடு. ஒருவித்திலைச் செடி என்பதால் நரம்புகள் இணையாகத்தான் ஓடும், வேப்பிலை மாதிரிக் கிளை போடக் கூடாது.

க்ளே கெட்டியாக இருந்தால்தான் இவ்வளவும் நடக்கும். பாக்கெட்டிலேயே கொழகொழவென்று இருந்தால் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே ஷீட்டை வைத்து, மேலே அகராதி ஒன்றைத் தூக்கி வையுங்கள். ராத்திரி முழுக்க இருந்தால் தாளில் எண்ணெய் இறங்கியிருக்கும், க்ளே கைக்கு அடங்கும். சாஃப்ட் வகையை எல்லாம் இங்கே இப்படி ஒரு முறையாவது தாளில் வைக்காமல் நான் தொடுவதில்லை.

வாங்கின கதையையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு கடையில் சிவப்பு இரண்டு கட்டி வாங்கினேன். வந்தது பாதி வெந்த கட்டி. உடைத்தால் ரவையாக உதிர்ந்தது. கோடை வெயிலில் கோடவுனில் கிடந்திருக்க வேண்டும். கேட்டதற்கு "பிசைந்தால் சரியாகும்" என்று பதில் வந்தது. பாதி வெந்ததை எவ்வளவு பிசைந்தாலும் சரியாகாது, பணம் போனது போனதுதான். அன்றிலிருந்து ஏப்ரல், மே இரண்டு மாதமும் தபாலில் க்ளே வாங்குவதை நிறுத்திவிட்டேன். கோவைக்குப் போகும்போது கையில் எடுத்து அழுத்திப் பார்த்து வாங்குகிறேன். கொக்கி, வளையம், கம்பி எல்லாம் டவுன்ஹால் பக்கத்து ஃபேன்சி மொத்தக் கடைகளில் எடை போட்டே கிடைக்கிறது. க்ளேயைச் சேர்த்து வைக்க அடியில் 5 என்று முத்திரை உள்ள டப்பாவைப் பாருங்கள். வேறு சில பிளாஸ்டிக்கை இந்த க்ளே இளக்கி ஒட்டிக்கொள்ளும்.

அலையைப் போடுவது பாதி வேலைதான். அதை அடுப்பில் காப்பாற்றுவது மீதிப் பாதி. பாலிமர் க்ளே சூடேறும்போது உடனே இறுகுவதில்லை. முதலில் இன்னும் இளகும், அதற்குப் பிறகுதான் அதிலுள்ள பிவிசி பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று கலந்து கெட்டியாகும். அந்த இளகும் சில நிமிடங்களில்தான் என் அலைகள் எல்லாம் செத்தன. முதல் இரண்டு தட்டில் முழுப் பூவாகச் சேர்த்து நிற்க வைத்தேன், இதழ்கள் நாலு பக்கமும் சாய்ந்துவிட்டன. அடுத்து அலுமினியத் தாளைச் சுருட்டி அதன் மேல் படுக்க வைத்தேன். வளைவு நின்றது, அலை போனது, முதுகில் தாளின் சுருக்கம் பதிந்தது. ஃபிரிட்ஜில் இருபது நிமிடம் வைத்து அப்படியே உள்ளே தள்ளிப் பார்த்தேன். அந்தக் குளிர் அடுப்புக்குள் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. தலையணைப் பஞ்சில் அலை அருமையாக நின்றது, ஆனால் இதழ் முழுக்க நாரின் தடம்.

அப்புறம்தான் சோள மாவு. சமையலறையில் சூப்புக்குப் போடும் அதே கார்ன்ஃப்ளார்தான். இதழை அதில் பக்கவாட்டாகப் பதித்து, ஒவ்வொரு அலைக்கு அடியிலும் மாவை டூத்பிக்கால் தள்ளிவிட்டால் எல்லா இடத்துக்கும் முட்டு கிடைக்கிறது. ஆறாவது தட்டில் அலை நின்றது. நான் குதித்தேன். காலையில் எடுத்து லேசாக வளைத்துப் பார்த்தால் பட்டென்று ஒடிந்தது. நன்றாக வெந்த மெல்லிய இதழ் வளைந்து கொடுக்கும், வேகாதது ஒடியும். டிபன் பாக்ஸில் நாலு விரல் ஆழத்துக்கு மாவைக் கொட்டி நடுவில் புதைத்திருந்தேன். மாவு சூட்டை உள்ளே விடவே இல்லை. ஏழாவது தட்டில் அவசரப்பட்டு சூட்டை 150க்கு ஏற்றினேன். நுனி எல்லாம் காப்பி நிறம். டிரான்ஸ்லூசன்ட் கலந்தது சீக்கிரம் பழுக்கும் என்பது தெரிந்தும் செய்தேன். எட்டாவது தட்டின்போது பாதியில் கரண்ட் போனது. வந்ததும் திரும்பச் சூடாக்கினால் க்ளேக்குக் கெடுதி இல்லை, ஆனால் நான் பதற்றத்தில் தட்டை இழுத்து மாவைக் குலுக்கிவிட்டேன்.

ஒன்பதாவது தட்டுக்கு மாற்றியவை இரண்டு. ஆழமான டப்பாவுக்குப் பதிலாகத் தட்டையான எவர்சில்வர் தட்டு, மாவு ஒரு செ.மீ. மட்டும். இரண்டாவது ஓடு. குளியலறைக்கு வாங்கி மிஞ்சின செராமிக் ஓட்டில் ஒன்றைத் தட்டுக்குக் கீழே, ஒன்றை மேல் அடுக்கில் வைத்தேன். என் ஓடிஜியில் குமிழை 130ல் வைத்தால் உள்ளே வைத்த தெர்மாமீட்டர் 118க்கும் 148க்கும் நடுவே ஆடும். ஓடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இப்போது 127க்கும் 133க்கும் இடையில் அடங்கிவிட்டது. முன்கூட்டியே 25 நிமிடம் சூடாக்கி, தட்டின் மேல் அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மூடி, 50 நிமிடம். அடுப்புக் கம்பியின் தணல் நேராக இதழில் படாததால் நிறமும் மாறவில்லை. மாவு தண்ணீரில் அலசினால் போய்விடுகிறது. ஒரு இதழை எடுத்து நுனியையும் அடியையும் சேர்த்து வளைத்தேன். விட்டதும் திரும்பி நிமிர்ந்தது.

தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மிகவும் சூடேறினால் பிவிசி கருகும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. இதற்கென்று வைத்த தட்டிலும் மாவிலும் சமைக்கவும் கூடாது. என் க்ளே மாவு டப்பாவில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறேன்.

இனிச் சேர்க்க வேண்டும். பூவைத் தலைகீழாகத் திருப்பி, தாளில் சுருட்டிய கூம்பின் மேல் வைத்து, லிக்விட் க்ளே தொட்டு ஒவ்வொரு இதழாக ஒட்டி, இன்னொரு 30 நிமிடம். வெந்த இதழ்கள் இரண்டாவது சூட்டில் படுப்பதில்லை. ஆறு மகரந்தத் தண்டுக்கும் 28 கேஜ் செம்புக் கம்பி, ஒடிந்த சூல்தண்டுக்கு 26. க்ளே கம்பியோடு ஒட்டாது, உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் உள்ளே போகும் முனையைக் கொக்கியாக வளைத்துத்தான் பதிக்கிறேன். டெரகோட்டாவில் மூன்று வருஷம் ஜிமிக்கி செய்தவள் நான். இந்தக் கனத்தில் சுட்ட மண் நிற்கவே நிற்காது. முழுப் பூவும் கொக்கியோடு 3 கிராமுக்குள் வரும் என்று நினைக்கிறேன், காது இழுக்காது.

மேல் பூச்சு எதுவும் போடப்போவதில்லை. போன வருஷம் வேப்பிலை செட் ஒன்றுக்குப் பளபளப்பு வேண்டும் என்று நகப் பாலிஷ் அடித்து அண்ணிக்குக் கொடுத்தேன். மூன்றே மாதத்தில் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்து, பட்டுப்புடவை நூல் அதில் மாட்டிக்கொண்டது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. அவருக்குத் திருப்பிச் செய்து கொடுக்கும் செட் இன்னும் பாக்கி. பின்பக்கம் மட்டும் 800, 1000, 1500 என்று தண்ணீர்த் தாள் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு ஜீன்ஸ் துணியில் தேய்த்தால் வரும் மினுமினுப்பே போதும்.

இடையில் குன்றிமணி ஒரு பிடி உருட்டி வைத்திருக்கிறேன். சிவப்பு உருண்டையில் கறுப்பு எங்கே முடிய வேண்டும் என்பது இன்னும் கை பழகவில்லை. சங்குப்பூவுக்கு நீலமும் ஊதாவும் கலந்து ஐந்து சில்லு வேகவைத்துப் பார்த்தேன், மூன்றாவது சரியாக இருக்கிறது. மகிழம்பூ மாலை ஒன்று மனசில் ஓடுகிறது, அதற்குச் செர்னிட் வெள்ளை வாங்க வேண்டும்.

முதலில் இந்த ஜோடியை முடிக்க வேண்டும். இடது காதுப் பூவில் சூல்தண்டு இடப்பக்கம் ஒடிந்தால் வலது காதுப் பூவில் வலப்பக்கம் ஒடிய வேண்டும். இரண்டும் முகத்திலிருந்து வெளியே பார்க்கும். இன்னும் ஆறு இதழ் வெட்டி வைத்திருக்கிறேன், ஓரம் இழுக்கவில்லை. தாளுக்கு நடுவே ஃபிரிட்ஜில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சித்தி வருகிறார். அதற்குள் பத்தாவது தட்டு உள்ளே போய்விட வேண்டும்.