ராத்திரி பத்தரை, விடியகாலை மூணு

ஊருக்கு வந்து 12 நாள் ஆவுது. தெருவுல பாக்குறவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்குறாங்க, "இன்னாப்பா, அங்க இன்னாதான் துன்ன, இப்டி எளச்சி வந்துகீற"ன்னு. நின்னு பதில் சொல்ல ஆரம்பிச்சா அது தெருவுல நின்னு முடியற கதை இல்ல. அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன், அம்மா பக்கத்துலயே தூங்குது, ரெண்டரைக்கு எழுந்துக்கணும் அதுக்கு.

நான் படிக்கிறது ஜெர்மனில டார்ட்மண்ட். 2023 அக்டோபர்ல மாஸ்டர்ஸ் படிக்க போனேன். அங்க யூனிவர்சிட்டிக்கு ஃபீஸ் கெடையாது, செமஸ்டருக்கு 300 யூரோ சொச்சம் கட்டுனா போதும், அதுலயே பஸ் ரயில் பாஸும் வந்துடும். ஃபீஸ் இல்லன்னதும் நம்ம காசிமேட்டு பசங்க "அப்போ செலவே இல்லியாண்ணா"ன்றாங்க. இருக்குடா தம்பி. விசாவுக்கு முன்னாடியே ஒரு வருஷத்துக்கான வாடகை சாப்பாட்டு காசை பிளாக்டு அக்கவுண்ட்ல போட்டு காட்டணும், நான் போனப்போ 11,208 யூரோ, நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 10 லட்சம், 2024 செப்டம்பர்ல அதையும் 11,904 ஆக்கிட்டாங்க. அது நம்ம காசுதான், மாசம் 934 யூரோன்னு நமக்கே திரும்ப வந்துடும், ஆனா மொத்தமா முன்னாடி வெக்க நமக்கு ஏது? பேங்க்ல அடமானம் இல்லாம 7.5 லட்சம் வரைக்கும் எஜுகேஷன் லோன் குடுத்தாங்க. அதுக்கு மேலன்னா வீட்டு பத்திரம் கேட்டாங்க. நாங்க இருக்கறது ஹவுசிங் போர்டு வீடு, எங்க பேர்ல பத்திரம் இல்ல. மீதிக்கு அம்மாவோட செயின், கம்மல், அப்புறம் வட்டிக்கு வாங்குனது. ஏர்போர்ட்ல அம்மா கழுத்துல வெறும் மஞ்ச கயிறுதான் இருந்துச்சு.

நைனா மீன் புடிக்க லாஞ்சுல, அதான் பெரிய விசைப்படகுல போறவரு, போனா திரும்ப 8 நாள் 10 நாள் ஆவும். அம்மா ஹார்பர்ல ஏலத்துல மீன் எடுத்து மார்க்கெட்ல விக்கும். அப்டி ஒரு வீட்ல பொறந்துட்டு எனக்கு ஒரு மீன் கழுவ தெரியாது, இத நான் டார்ட்மண்ட்ல போய்தான் கண்டுபுடிச்சேன்.

மொத ரெண்டு மாசம் பிரெட், ஊறுகா, யூனிவர்சிட்டி கேன்டீன்ல கெடைக்கிற பருப்பு சூப். அந்த கேன்டீன மென்சான்னு சொல்லுவாங்க. அந்த சூப்ப தப்பு சொல்ல மாட்டேன், புளி போடாத சாம்பார் மாதிரி சூடா இருக்கும், குளிருக்கு நல்லா எறங்கும். ஞாயித்துக்கிழமை அங்க சூப்பர் மார்க்கெட் எல்லாம் மூடிடுவாங்க, சனிக்கிழமையே வாங்கி வெக்கலன்னா பட்டினிதான், மொத வாரமே அப்டி ஆச்சு. டிசம்பர்ல ஒரு துருக்கி கடைல ஐஸ்ல மீன் வச்சிருந்ததை பாத்தேன், முதுகுல வரி வரியா, அப்டியே நம்ம கானாங்கத்த. மக்ரேலன்னு எழுதியிருந்துச்சு. ரெண்டு வாங்கிட்டு வந்து ஹாஸ்டல் கிச்சன்ல வச்சிகினு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா அங்க அருவாமணைய காலால புடிச்சிகினு ஒரு மீன எடுத்து போன் எதிர்ல காட்டுது, "செவுள்ல வெரல உடு, ஆங், இழு, குடலோட வரும் பாரு, வயித்துக்குள்ள கருப்பா தோல் இருக்கும், அத சொரண்டலன்னா கசக்கும்". நான் இங்க பிரெட் வெட்ற கத்தில பண்றேன், கையெல்லாம் நடுங்குது, பக்கத்து ரூம் சிரியா பையன் வந்து பாத்துட்டு அவனாவே தண்ணிய ஊத்திகினு நின்னான்.

புளி, அரிசி, மிளகாத்தூள் எல்லாம் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா கடைல வாங்குவேன். "எவடம் தம்பி நீங்கள்?"ன்னு கேட்டாங்க, மெட்ராஸ்னேன், "தனியவோ இருக்கிறீங்கள்?"ன்னு கேட்டுட்டு ஒரு கட்டு கறிவேப்பிலைய சும்மாவே பைல போட்டாங்க. அவங்க தூள் வறுத்து அரைச்சது, நம்ம கொழம்பு மிளகாத்தூள் மாதிரி இல்ல, கொழம்பு கருப்பா வரும், வாசனை வேற. அந்த மீனுக்கு கொழுப்பு ஜாஸ்தி, கொதிக்கும்போதே எண்ண மெதந்து நிக்கும். அம்மா போன்ல பாத்துட்டு "இன்னாடா இவ்ளோ எண்ண ஊத்துன"ன்னு திட்டுச்சு, நான் ஊத்துனது ரெண்டே ஸ்பூன்தான். அடுத்த நாள் காலைல அத சூடு பண்ணி சாப்ட்டேன் பாருங்க, மொத தடவையா அந்த ஊர்ல எனக்கு வயிறு நெறஞ்சிது.

பக்கத்துல ஹம்னு ஒரு ஊரு, அங்க இலங்கை தமிழங்க கட்டுன காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002ல கட்டுனது, நம்மூர் மாதிரியே கோபுரம். தேருக்கு போனா இத்தன தமிழங்க இந்த நாட்டுல கீறாங்களான்னு இருக்கும். ரெண்டு தடவ போனேன்.

இப்போ வேலை. லோன் வட்டி ஓடுது, வெளி வட்டியும் ஓடுது, விசாவ நீட்டிக்கறப்போ திரும்பவும் காசு காட்டணும். ஸ்டூடண்ட்டுங்க வருஷத்துக்கு இத்தன நாள்தான் வேலை பாக்கலாம்னு கணக்கு, நான் போனப்போ 120 முழு நாள், 2024 மார்ச்லேர்ந்து 140 ஆக்கிட்டாங்க, 4 மணி நேரத்துக்குள்ளன்னா அரை நாள் கணக்கு. நான் ஒரு பார்சல் குடோன்ல சேந்தேன், வெள்ளி சனி ராத்திரி ஆறரைலேர்ந்து ரெண்டரை வரைக்கும். 2024ல மினிமம் சம்பளம் மணிக்கு 12.41 யூரோ, ஒரு ராத்திரிக்கு 90 சொச்சம் வரும். வேலை என்னன்னா லாரிலேர்ந்து பொட்டிய தூக்கி பெல்ட்ல வெக்கணும், அவ்ளோதான். ஒரு பொட்டி 31 கிலோ வரைக்கும் இருக்கும். மொத வாரம் சட்டைய மாட்ட கை மேல போகல.

வீட்ல நான் சொன்னது லைப்ரரி வேலைன்னு.

அரை மணி நேரம் பிரேக் பத்தரைக்கு. அங்க குளிர்காலத்துல நம்மளுக்கும் அவங்களுக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம், என்னோட ராத்திரி பத்தரை அம்மாவுக்கு சரியா விடியகாலை மூணு, அப்பதான் அது ஏலத்துக்கு ஹார்பர்ல நிக்கும். அதனால தெனம் பேசறமோ இல்லியோ வெள்ளி சனி மட்டும் தவறாது. நான் வெளிய கார் நிறுத்துற எடத்துக்கு போய் நின்னு பேசுவேன், சத்தம் கேக்கக்கூடாதுன்னு. டப்பால லெமன் சாதத்த வச்சிகினு "துன்னியா"ன்னா துன்னேம்மான்னு சொல்லுவேன், நீன்னா "இப்பதான் டீ குடிச்சேன்"னு அது சொல்லும். பின்னாடி ஏலக்காரன் கத்துறது கேக்கும். ஜனவரில ஒரு ராத்திரி ஐஸ் மழை, வெளிய நிக்க முடியல, கதவோரமா உள்ளயே நின்னு பேசிகினு இருந்தேன். பெல்ட் ஓடுது, ஸ்கேனர் பீப் பீப்னு அடிக்குது, சூப்பர்வைசர் "வைட்டர், வைட்டர்"னு கத்துறாரு, நிக்காத, மேல மேல பண்ணுன்னு அர்த்தம். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் கேட்டுச்சு, "லைப்ரரில எவன்டா இப்டி கத்துவான்? கனம் தூக்குறியா?" நான் இல்லம்மான்னேன். "செரி, குனிஞ்சி தூக்காத, முட்டி மடக்கி தூக்கு"ன்னுட்டு வச்சிடுச்சு. 30 வருஷமா கூடை தூக்குற பொம்பளைகிட்ட நான் போய் மறைச்சிகினு இருந்திருக்கேன்.

மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை அங்க மணிய ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, அப்புறம் என் பத்தரை அம்மாவுக்கு ரெண்டு மணி. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், லாஞ்ச் எதுவும் போவாது. சின்ன ஃபைபர் போட்டுல வர்ற கொஞ்சம் மீன்தான், நைனாவுக்கு வருமானம் இல்ல, அம்மாவுக்கும் பாதி நாள் கூடை எடுக்கற வேலையே இருக்காது. அப்போவும் ரெண்டு மணிக்கு அம்மா போன் எடுத்துச்சு. "ஹார்பர்லதான் கீறேன், ஃபைபர் வருதுல்ல"ன்னுச்சு. ஆனா பின்னாடி ஏல சத்தம் இல்ல, ஒரு நாய் கொலைக்குது, யாரோ மெட்ரோ வாட்டர் பம்ப டக்கு டக்குன்னு அடிக்கிறாங்க. அது எங்க பிளாக்கு பம்ப்பு, அந்த பம்ப்போட சத்தம் எனக்கு தெரியாதா? எங்க வீட்டு மாடிப்படில உக்காந்துகினு பேசுது. வேலையே இல்லாத நாள்ல என் பிரேக்குக்காக ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துகீது. நான் ஒண்ணும் கேக்கல. போன வச்சிட்டு அந்த டப்பால இருந்தத முழுங்க முடியல என்னால. அடுத்த ராத்திரியும் அதே பம்ப் சத்தம், அடுத்த வாரமும்.

இந்த வருஷம் லீவுக்கு வந்துகீறேன், தடைக்காலம் முடிஞ்சி மீன் நல்லா வருது. முந்தாநேத்து அம்மாகூட ஹார்பருக்கு போனேன். சங்கரா ஒரு கூடை, எறா கொஞ்சம் எடுத்துச்சு. அன்னக்கூடைய நான் தூக்க குனிஞ்சப்போ முதுகுல ஒண்ணு வச்சுது, "முட்டி, முட்டி". தூக்கி நிமுந்ததும், "அங்க பொட்டி இதவிட கனமாடா?"ன்னு கேட்டுச்சு. இதவிட கம்மிதாம்மான்னேன், நெஜமாவே கம்மிதான், ஐஸோட அந்த கூடை நல்லா கனம். ஈரமா ஒழுகி சட்டையெல்லாம் மீன் தண்ணி, அது ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் புடிச்சிகினு ஷேர் ஆட்டோ வரைக்கும் வந்தோம்.

அக்டோபர்ல கிளாஸ் ஆரம்பிக்குது, அதே குடோன்லதான் வேலை. மாசக் கடைசில திரும்ப மணிய மாத்துவாங்க, அதுக்கப்புறம் மூணு மணிக்குதான் போன் பண்ணுவேன், ரெண்டு மணிக்கு எழுந்துக்காதன்னு ஆட்டோலயே சொல்லிட்டேன்.

"செரி. மழை வந்தா வெளிய போய் நிக்காத, உள்ளயே நின்னு பேசு. சத்தம் கேட்டா கேக்கட்டும்."