நைனாவின் தொப்புள் கட்டி

"லுங்கி முடிச்சு உறுத்துதுடா" என்றுதான் நைனா முதலில் சொன்னார். குடியாத்தத்தில் நாற்பது வருசம் லுங்கி நெய்தவர். தொப்புளில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. கல் மாதிரி கெட்டி, மேலே ஊதா நிறம், லேசான கசிவு. உள்ளூரில் ஒருவர் சீழ்க்கட்டி என்று மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் குடலிறக்கம் என்றார். குடலிறக்கமென்றால் படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும், இது போகவில்லை. கேட்கத் தோன்றாமல் ஆறு வாரம் ஓட்டிவிட்டோம். முதுகுவலியை தறியின் மேல் போட்டோம், எடை குறைந்ததை புதிதாக வந்த சர்க்கரையின் மேல் போட்டோம்.

வேலூர் போனோம். தோட்டப்பாளையத்தில் ரூம் எடுத்தோம். பக்கத்து ரூமில் கல்கத்தாக்காரர்கள், அவர்களும் கேன்சருக்குத்தான். கட்டியில் துளி சதை எடுத்து பயாப்சி. 'அடினோகார்சினோமா' என்று வந்தது, சுரப்பித் திசுவில் கிளம்பும் புற்று. எங்கிருந்து கிளம்பியது என்று அதில் இல்லை. அதே சதையில் மறுபடி சாயப் பரிசோதனை, பிறகு சிடி ஸ்கேன். கணையத்தின் வால் பகுதி. தலைப்பகுதியில் வந்திருந்தால் பித்தக்குழாய் அடைத்து மஞ்சள் காமாலை காட்டிக் கொடுத்திருக்கும். வாலில் வருவது சத்தமில்லாமல் வளரும்.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். தொப்புளில் வரும் இந்தக் கட்டிக்கு 'சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு' என்று பேராம். அமெரிக்காவில் வில்லியம் மேயோவிடம் ஆபரேஷனுக்கு உதவிய கன்னியாஸ்திரி கவனித்துச் சொன்னதாம். நைனா சிரித்தார்: "என் முடிச்சுக்கு வெள்ளக்காரி பேரா?"

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, எவ்வளவு நாள் என்று கேட்டேன். தோலுக்கு வந்துவிட்டால் நான்காம் கட்டம், பெரும்பாலும் மாதக் கணக்குதான் என்றார். ராத்திரி போனில் தேடினேன். 2011இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பரவிய கணையப் புற்றுக்கு நான்கு மருந்துக் கலவையில் 11.1 மாத ஆயுள், ஜெம்சிடபின் என்ற ஒரே கீமோ மருந்து மட்டுமென்றால் 6.8. கெடுத் தேதி போல அதைக் காலண்டரில் குறித்தேன். மறுநாள் டாக்டரம்மாதான் திருத்தினார்: பாதிப் பேர் அதற்கு முன்னால், பாதிப் பேர் அதற்குப் பின்னால். அந்தக் கலவையும் உடம்பு தெம்பாக இருப்பவர்களுக்குத்தான்.

நைனாவுக்கு ஜெம்சிடபின் மட்டும். மூன்று வாரம் ஏற்றி ஒரு வாரம் ஓய்வு. இரண்டாவது சுற்றில் கசிவு நின்றது, நான்காவதில் திரும்ப வந்தது. நிறுத்திவிட்டு வலிக்கு மார்ஃபின் மாத்திரைக்கு மாறினோம். அது கொண்டுவரும் மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து எழுதி வாங்குங்கள், எங்களுக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

பயாப்சியிலிருந்து ஏழு மாதம் இருந்தார். கடைசியில் முடிச்சு படாமல் இருக்க அம்மா லுங்கியில் நாடா கோத்து இடுப்போரம் கட்டிவிட்டாள். "நெய்யிறவனுக்கே நாடா லுங்கியா" என்று கொஞ்சம் முறைத்தார், ஆனால் அவிழ்க்கவில்லை.