இரண்டாம் மாடி மெஷின்

ஜனவரி 5, ஞாயிறு

இரவு 1.40. அம்மா மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறாள். ஐசியூ கதவுக்கு எதிரே, லிஃப்டை ஒட்டி ஒரு மெஷின். பிஸ்கட், சிப்ஸ், முறுக்கு, தண்ணீர் பாட்டில். வராந்தா விளக்கை அணைத்துவிட்டார்கள். இப்போது இங்கே அதன் வெளிச்சம் மட்டும்தான்.

அம்மா மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. 34ஐ அழுத்தினேன். முறுக்கு, 20 ரூபாய். போனில் பணம் போய்விட்டது. சுருள் கம்பி மெதுவாகச் சுற்றியது, பாக்கெட் முன்னால் வந்தது, விளிம்பில் தலையைக் கவிழ்த்தது, அப்படியே நின்றுவிட்டது. பாக்கெட்டின் மேல்மூலை கம்பி நுனியில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது.

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜனவரி 6, திங்கள்

அப்பாவின் எடை 52.3. கட்டிலிலேயே எடை பார்க்கும் வசதி இருக்கிறதாம்.

ஜனவரி 7, செவ்வாய்

பாக்கெட் இன்னும் தொங்குகிறது. காலையிலிருந்து எத்தனையோ பேர் மெஷின் முன்னால் நின்றுவிட்டுப் போனார்கள். 34ஐ யாரும் அழுத்தவில்லை. அழுத்தினால் அவர்களுக்கு இரண்டு விழும்.

திண்டிவனத்து அக்காவிடம் சொன்னேன் (அவர் கணவர் ஏழாம் எண் கட்டிலில் இருக்கிறார்). "இதுல போட்டா போச்சும்மா. ஒரு ஆள் இருந்தா சண்டையாவது போடலாம்" என்றார். அதையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கீழே கேண்டீனிலும் ஒரு மெஷின் இருக்கிறது, டீ மெஷின். ஆனால் பக்கத்தில் ஒரு பையன் நிற்கிறான். பட்டனை நாமே அழுத்தலாம், பத்து வயதுப் பிள்ளைகூட அழுத்தலாம். யாரும் அழுத்துவதில்லை. பையனிடம் காசு கொடுத்து, பையன் அழுத்தி, பையன் கையிலிருந்துதான் கப்பை வாங்குகிறார்கள். அம்மாவைப் பார்த்ததும், "ஆயாவுக்குச் சக்கரை கம்மிதானே?" என்று கேட்டு, பாதி கப்போடு நிறுத்திச் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறான். இரவு பத்து மணிக்கு அவன் கிளம்பிவிட்டால் மெஷினுக்கும் துணி போட்டு மூடிவிடுகிறார்கள்.

2023 ஏப்ரலில் கோயம்பேடு பக்கம் ஒரு மாலில் டாஸ்மாக் மெஷின் வைத்தார்களே, அப்போது எழுந்த சத்தம் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் பட்டனைத் தட்டி பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். மெஷின் கடைக்குள்ளேதான் இருக்கிறது, பக்கத்தில் சூப்பர்வைசரும் விற்பனையாளரும் இருக்கிறார்கள் என்று டாஸ்மாக் விளக்கம் சொன்னது. ஆள் இருக்கிறார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மதுக்கடையே வேண்டாம் என்பது வேறு விஷயம். அன்றைக்கு ஊர் கேட்ட கேள்வி, அங்கே யார் நிற்கிறார்கள் என்பதுதான்.

அப்பா இருந்தால் இதைப் பற்றி நிறையச் சொல்வார். இருக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இப்படியெல்லாம் எழுதக் கூடாது.

ஜனவரி 8, புதன்

தூக்கம் வரவில்லை. போனில் படம் பார்க்கிறேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம், குப்ரிக் 1964இல் எடுத்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’. உலகமே அழியப் போகிறது. தடுக்க வேண்டுமென்றால் அதிகாரி ஒருவர் காசு போடும் போனிலிருந்து ஜனாதிபதியைக் கூப்பிட வேண்டும். கையில் சில்லறை இல்லை. பக்கத்தில் கோகோ கோலா மெஷின் இருக்கிறது, அதற்குள் காசு இருக்கிறது. சுட்டுத் திற என்கிறார். துப்பாக்கி வைத்திருக்கும் ராணுவக்காரனோ தயங்குகிறான், கோகோ கோலா கம்பெனிக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும் என்கிறான். ஒரு வழியாகச் சுடுகிறான். குனிந்து காசை அள்ளும்போது அவன் முகத்திலேயே பீய்ச்சியடிக்கிறது.

கல்லூரியில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இன்றைக்கு அந்த அதிகாரியின் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். ஒரு போன் பேச வேண்டும், சில்லறை இல்லை, எதிரே ஒரு பெட்டி. கேட்க ஒருவரும் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

காலையில் 51.8.

மத்தியானம் ஒரு இளைஞன், யாருடைய மகனோ, மெஷினை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். அவனுக்கும் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது. செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்தார். "தம்பி, விடுப்பா, மேல சாஞ்சிடும்" என்றார். அவன் விட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். பணத்துக்காக அழவில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அவன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துகொண்டார், எதுவும் பேசவில்லை.

அண்ணன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1978க்கும் 1995க்கும் நடுவில் குறைந்தது 37 பேர் இப்படி மெஷின் மேலே சாய்ந்தே செத்திருக்கிறார்கள். காசு போட்டும் பொருள் வராமல் உலுக்கியவர்கள், காசு போடாமல் எடுக்கப் பார்த்தவர்கள். அதற்கப்புறம்தான் உலுக்காதே, சாய்க்காதே என்று எச்சரிக்கை ஒட்டத் தொடங்கினார்கள். படத்தில் இது எப்போதும் சிரிப்புக் காட்சி. நாயகன் ஒரு உதை விடுவான், பாட்டில் விழும். இல்லையென்றால் பேய்க் காட்சி. 1986இல் ஸ்டீபன் கிங் இயக்கிய ஒரே படத்தில் மெஷின் தானாகவே டின்களைத் துப்பாக்கிக் குண்டு மாதிரி எறிந்து ஒருவரைக் கொல்லும். உண்மையில் அது எதுவும் செய்வதில்லை. மனிதர்கள்தான் போய் உலுக்குகிறார்கள்.

ஜனவரி 10, வெள்ளி

இன்று அட்டையைப் பற்றி எழுதிவிட வேண்டும். தினமும் சிஸ்டர் எடை சொல்லும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

எழும்பூர் ஸ்டேஷன். எனக்கு ஆறு வயதிருக்கும். நுழைந்ததும் எடை மெஷின், ஆளுயரம், சிவப்பும் பச்சையுமாகச் சின்ன பல்புகள், கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு வெள்ளைச் சக்கரம். ஏறி நின்றால் சக்கரம் சுழலும். அது நிற்கும்வரை காசு போடக் கூடாது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பொறு, பொறு... இப்பப் போடு" என்பார். ஒரு ரூபாய். உள்ளே என்னவோ உருளும், டொக்கென்று அட்டை விழும். ரயில் டிக்கெட் அளவுதான் இருக்கும், அதே கெட்டி அட்டை. ஒரு பக்கம் நடிகர் படம், இன்னொரு பக்கம் எடையும் ஒரு வரி பலனும். அப்பா முதலில் பலனைத்தான் படிப்பார். சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்து அட்டையின் ஓரத்தில் தேதி எழுதுவார். வீட்டில் ஒரு பவுடர் டப்பா நிறைய இந்த அட்டைகள் உண்டு. என்னுடைய முதல் அட்டையில் 17 கிலோ, ‘எண்ணிய காரியம் கைகூடும்’ என்று இருக்கும். எடை தப்பாக இருக்கலாம், பலன் தப்பாது என்பார் அப்பா. ரயில்வேக்காரர், மெஷினின் பின்பக்கம் திறந்து கிடந்ததையெல்லாம் பார்த்தவர், அப்படியும் நம்பினார்.

நேற்றிரவு ‘பிக்’ பார்த்தேன், 1988இல் வந்தது. திருவிழாவில் ஜோல்டார் என்று ஒரு குறி சொல்லும் மெஷின். ஒரு பையன் காசு போட்டுப் பெரியவனாக வேண்டும் என்று கேட்கிறான். உங்கள் ஆசை நிறைவேறியது என்று அட்டை வருகிறது. அப்புறம்தான் கவனிக்கிறான், மெஷினின் வயர் பிளக்கில் சொருகியிருக்கவில்லை. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். பவுடர் டப்பா பரண் மேலே இருக்க வேண்டும். தம்பியிடம் தேடச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 11, சனி

டியூப் எடுக்கவில்லை. நாளை பார்க்கலாம் என்கிறார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

டப்பா கிடைக்கவில்லை. தம்பிமேல் எரிந்து விழுந்தேன். பாவம், விடியற்காலைதான் வந்து இறங்கினான்.

34ஆம் எண் அப்படியே இருக்கிறது. ஒரு வாரம். எனக்கு அது ஒரு கணக்காகவே ஆகிவிட்டது, அது தொங்கும்வரை என்று. யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலையில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு புகை. டியூப் எடுத்துவிட்டார்கள்! தானாகவே மூச்சு விடுகிறார். ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அம்மா வெளியே வந்து கேண்டீன் பையனுக்கு நூறு ரூபாய் கொடுத்தாள். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை, வாங்கிக்கொண்டான்.

இரவு ‘பெர்ஃபெக்ட் டேஸ்’. விம் வெண்டர்ஸ், 2023. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவர். காலையில் கதவைத் திறந்ததும் வானத்தைப் பார்க்கிறார். நாலு எட்டு வைத்தால் மெஷின். சில்லறை போடுகிறார், காபி டின் விழுகிறது, எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறார். மறுநாளும் அதேதான். நான் பார்த்த படங்களில் யாரும் உதைக்காத, யாரையும் ஏமாற்றாத மெஷின் இது ஒன்றுதான். ஜப்பான் முழுக்கச் சுமார் 40 லட்சம் மெஷின்கள், முப்பது பேருக்கு ஒன்று என்ற கணக்கு. குளிர்காலத்தில் ஒரே பெட்டியில் சூடான டின்னும் குளிர்ந்த டின்னும் கிடைக்குமாம். காவலுக்கு ஆள் கிடையாது, தெருவில்தான் நிற்கிறது. அவ்வளவு நம்பிக்கை வைத்த நாட்டில்தான் 1985இல் யாரோ விஷம் கலந்த பானங்களை மெஷினில் பாட்டில் விழும் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். முன்னால் வந்தவர் விட்டுப்போனது, அல்லது கம்பெனி இலவசமாகக் கொடுத்தது என்று நினைத்துக் குடித்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். செய்தவன் இன்றுவரை பிடிபடவில்லை. ஜனங்கள் அதற்குப் பிறகும் மெஷினை விடவில்லை.

அந்த மனிதர் காபி டின்னை எடுக்கும் காட்சி ஒவ்வொன்றிலும் எனக்கு அழுகை வந்தது. அவரும் தனி ஆள்தான், ஆனால் தினமும் ஒன்று அவருக்குச் சரியாக நடக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

அப்பா பேசினார். குரல் கிழிந்த மாதிரி இருக்கிறது. முதலில் கேட்டது, "ஸ்டேஷன்ல யார் நிக்கிறா?"

கார்டுகள் என் கைப்பையில்தான் இருக்கின்றன, ரப்பர் பேண்ட் போட்டு, ஆறு ஸ்மார்ட் கார்டுகள். அன்று அவருடைய துணிகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆன பிறகு ஒன்பது வருஷமாக டிக்கெட் மெஷின் பக்கத்தில் நின்று, இந்தக் கார்டுகளால் ஜனங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார். கார்டில் ஏற்றும் பணத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் கூடக் கிடைக்கும், அதுதான் வருமானம். மெஷின் வந்த புதிதில் திரை முன்னால் போய் நிற்கவே ஜனங்கள் பயந்தார்களாம். பணத்தை விழுங்கிவிட்டால் யாரைக் கேட்பது? அப்பா நிற்க ஆரம்பித்ததும் வரிசை வந்தது. தினமும் வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் விரல் போய்விடும். செங்கல்பட்டு, ரிட்டன், ஒன்று. மெஷினில் எடுத்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சார்கிட்ட எடுத்தேன் என்பார்கள். பொங்கலுக்கு முந்தைய நாட்களில் சாப்பிடக்கூட நகர மாட்டார். ஊருக்குப் போகிற கூட்டம், கையில் கரும்பு, இடுப்பில் குழந்தை. அவர்கள் எப்படிப் பட்டன் தட்டுவார்கள்?

"வேற ஒருத்தர் நிக்கிறார்ப்பா" என்றேன். எனக்குத் தெரியாது. நிற்கிறார் என்றே நம்புகிறேன்.

ஜனவரி 15, புதன்

எடை 50.9. வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதே இரண்டாம் மாடி, கோடிப் பக்கம்.

அம்மா கோயம்பேடு போய் வந்தாள், பழம் வாங்க. கையில் புது மஞ்சப்பை. 2022இல் அங்கே மெஷின் வைத்தார்கள், பத்து ரூபாய் நாணயம் போட்டால் பை வரும். போன தடவை தொடக்கூட மாட்டேன் என்றவள். "யாரும்மா போட்டுக் கொடுத்தா?" என்றேன். பூக்காரம்மா ஒருத்தி. அம்மா காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அந்தம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து போட்டுக் கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் வாங்க மறுத்த காசைக்கூட இது வாங்குகிறதே என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஜனவரி 16, வியாழன்

அப்பாவிடம் தொங்கும் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பதினோரு நாள் ஆகிறது என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பி எந்தப் பக்கம் சுற்றுகிறது, பாக்கெட்டின் எந்த மூலை மாட்டியிருக்கிறது என்று இரண்டு கேள்விதான் கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்து வலது மேல்மூலை என்றேன். "ஆள் யாரும் வந்து திறக்கலையா?" என்றார். சரக்கு நிரப்ப ஒருவர் வருவாராம், எப்போது என்று செக்யூரிட்டி அண்ணனுக்கே தெரியவில்லை.

நானே வந்து பார்க்கிறேன் என்கிறார். சிஸ்டரிடம் சக்கர நாற்காலி கேட்டிருக்கிறேன், நாலு மணிக்குத் தருவதாகச் சொன்னார்கள். 20 ரூபாய் போனில் இருக்கிறது, ஆனால் அவர் சட்டைப் பையிலிருந்து சில்லறை வேண்டும் என்கிறார். சட்டையை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்.