தூக்கிய வண்டிக்கு ஸ்பிரிங் மாற்றிய அனுபவம்

முன் மட்கார்டு விளிம்புக்கு மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் பேனாவால் எழுதிய மூன்று எண்கள்: 440, 480, 458. சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை மி.மீ. கணக்கில் எடுத்த அளவுகள். முதலாவது, வண்டி வாங்கியபோது இருந்த உயரம். இரண்டாவது, ஸ்பிரிங்கோடு 40 மி.மீ. ஸ்பேசர் என்ற கட்டையை வைத்து வண்டியின் உடலைத் தூக்கிய பிறகு. மூன்றாவது, இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை வடம் சுற்றி இழுக்கும் வின்ச்சும் மாட்டிய பிறகு. தூக்கியதில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து அளந்ததற்குக் காரணம் உண்டு. டயரில் காற்று கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் தரையிலிருந்து எடுக்கும் அளவு மாறிவிடும். மையத்திலிருந்து எடுத்தால் சஸ்பென்ஷன் மட்டும்தான் பேசும். அளப்பதற்கு முன் வண்டியைச் சமதரையில் முன்னும் பின்னும் ஒரு முறை உருட்டி, பம்பரில் கை வைத்து நாலு முறை அமுக்கி விட வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

என் வண்டி சின்னது. தனிச் சேசி (அடிச்சட்டம்), முன்னும் பின்னும் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் காயில் (சுருள்) ஸ்பிரிங். ஸ்பேசர் வைத்த சமயத்தில் உயரம் கிடைத்த சந்தோஷத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை. பம்பர் ஏறியதும்தான் குறை வெளியே வந்தது. பள்ளத்தில் மெதுவாக இறங்கினாலே முன்பக்கம், ஆக்சில் மேலே போவதை நிறுத்தும் ரப்பர் தடையான பம்ப் ஸ்டாப்பில் போய் இடித்தது. அந்தச் சத்தம் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். பிரேக் பிடித்தால் மூக்கு நன்றாகக் குனியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே 80 மி.மீ. இடைவெளி. 40 தூக்கியதும் 120. பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்க ஸ்டாப்பை 25 மி.மீ. கீழே இறக்கியிருந்தேன், அதனால் 95. பம்பரின் எடையில் 22 போய், மிச்சம் 73. வெளியிலிருந்து பார்த்தால் தூக்கிய வண்டி. உள்ளே பார்த்தால், மேலே போக இருக்கும் இடம் பழைய வண்டியைவிடக் குறைவு.

ஸ்பேசர் ஸ்பிரிங்கை மாற்றுவதில்லை. அது ஒரு கட்டை, அவ்வளவுதான். அதே ஸ்பிரிங் அதே எடையை அதே அளவு அமுங்கித்தான் தாங்குகிறது, உட்காரும் இடம் மட்டும் கீழே போகிறது. உயரம் ஒரு விஷயம், தாங்கும் பலம் வேறு விஷயம். இதை அந்த டேப்பில் இருந்த எண்களைப் பார்த்துத்தான் நான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 70 கிலோ. ஆனால் முன் ஆக்சிலில் ஏறியது 70 கிலோ இல்லை. அந்த எடை ஆக்சிலுக்கு 60 செ.மீ. முன்னால் தொங்குகிறது. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 225 செ.மீ. நெம்புகோல் கணக்குப்படி 70-ஐ 285-ஆல் பெருக்கி 225-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 89 கிலோ வரும். கூடுதலான அந்த 19 கிலோ பின் ஆக்சிலிலிருந்து தூக்கப்பட்டு முன்னால் வருகிறது. ஒரு ஸ்பிரிங்குக்கு 44 கிலோ, அதாவது சுமார் 435 நியூட்டன். இறங்கியது 22 மி.மீ. அப்படியென்றால் பழைய ஸ்பிரிங்கின் பலம், அதாவது அதை அமுக்கத் தேவையான விசை, மி.மீ.-க்கு ஏறக்குறைய 20 நியூட்டன்.

இது சரிதானா என்று இன்னொரு வழியிலும் பார்த்தேன். காயில் ஸ்பிரிங்குக்கு ஒரு சூத்திரம் உண்டு. கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கை உருக்கின் விறைப்பு எண்ணால் பெருக்கி, சுற்றின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, 8 ஆகிய மூன்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். வெர்னியரில் அளந்தால் கம்பி 13 மி.மீ., சராசரி விட்டம் 125, வேலை செய்யும் சுற்று 7-க்குச் சற்று மேல். ஸ்பிரிங் உருக்குக்கு 79,000 என்று வைத்துப் போட்டேன். 20 வந்தது! இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றதில் எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது நான்காம் அடுக்குதான். கம்பி 13-லிருந்து 14 ஆனால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பலம் 34 சதவீதம் கூடிவிடும். மி.மீ.-க்கு 20 என்பது 27 ஆகும். சுற்றை வெட்டினாலும் பலம் கூடத்தான் செய்யும், ஆனால் உயரம் போய்விடும். அத்துடன் வெட்டிய முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. அந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

14 மி.மீ. கம்பி, எடை போடாமல் 380 மி.மீ. நீளம் என்று முன் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தேன். பழையது 350. புதிய ஸ்பிரிங் என் முன்பக்க எடையில் 103 மி.மீ. அமுங்கி 277-இல் நிற்க வேண்டும். ஸ்பேசர் இல்லாமலே பழைய உயரத்தைவிட 45 மி.மீ. மேலே. புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி அமரும், அதற்காக 5 மி.மீ. கூட வைத்துக்கொண்டேன். வாங்கும் முன் இன்னும் இரண்டு விஷயம் பார்த்தேன். ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது கிண்ணத்துக்குக் கிண்ணம் 360 மி.மீ. ஸ்பிரிங் அதைவிட நீளம் என்பதால் தொங்கும்போது கழன்று விழாது. பம்ப் ஸ்டாப்பைத் தொடும்போது ஸ்பிரிங்குக்கு 177 மி.மீ. இடம் இருக்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் 126. ஸ்டாப்பின் ரப்பர் நசுங்கினாலும் சுற்றுகள் முட்டாது. சுற்று முட்டினால் அந்த அடி முழுக்கச் சேசிக்குப் போகும்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு சனிக்கிழமை காலையில் நானும் அக்கா மகனும் ஆரம்பித்தோம். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சேசியைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தோம். ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கி. வண்டியைத் தாங்குவது ஸ்டாண்டுதான், ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. எடை தாங்கி நிற்கும் பழைய ஸ்பிரிங் ஒவ்வொன்றிலும் 190 ஜூல் அளவுக்கு ஆற்றல் அடைபட்டிருக்கிறது. 20 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். அதை ஆக்சிலை மெதுவாக இறக்கி இறக்கித்தான் வெளியே விட வேண்டும்.

பிரேக் ஹோஸின் பிராக்கெட், ஏபிஎஸ் வயரின் கிளிப், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்க், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் ஒரு முனை, கடைசியாக ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்கின் (ஷாக் அப்சார்பர்) கீழ் போல்ட். இந்த வரிசையில் கழற்றினோம். ஹோஸை முதலில் விடுவித்ததற்குக் காரணம், ஆக்சில் இறங்கும்போது அதன் எடை ஹோஸில் தொங்கிவிடக் கூடாது. ஷாக் கழன்றதும் ஆக்சில் இன்னும் ஒரு பிடி இறங்கியது. ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. முழு ஆக்சில் வண்டியில் இது ஒரு பெரிய வசதி, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி தேவைப்படவில்லை.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பழையதின் கீழ்ச் சுற்றில் பெயின்ட் உரிந்து ஒரு பிறை போலத் துரு. ரப்பர் சீட்டில் மணல் ஏறி, அது ஆண்டுக்கணக்கில் அரைத்த இடம். கிண்ணத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, ரப்பர் சீட்டைப் புதிதாகப் போட்டேன்.

மதியத்துக்குள் இரண்டு பக்கமும் ஏற்றி, வண்டியை இறக்கி, உருட்டி, அமுக்கி அளந்தோம். வலது 484. அளவு டேப்பைப் பிடித்திருந்த அக்கா மகன் இடது பக்கத்திலிருந்து, “மாமா, இங்கே 492 காட்டுது” என்றான். “மையத்தில் சரியா வச்சுப் பாருடா” என்றேன். மறுபடி 492. பக்கத்துக்குப் பக்கம் 8 மி.மீ. வித்தியாசம் வரக் கூடாது.

டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது. கீழ்க் கிண்ணத்தில் ஸ்பிரிங்கின் முனை வந்து நிற்க ஒரு தடுப்பு இருக்கிறது. இடது ஸ்பிரிங்கின் முனை அந்தத் தடுப்பில் நிற்காமல், விரலளவு திரும்பி, கிண்ணத்தின் உதட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆக்சிலை ஏற்றும்போது ஒரு கையால் ஸ்பிரிங்கைத் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும், அதை நான் விட்டுவிட்டேன். மறுபடி தூக்கி, ஷாக்கைக் கழற்றி, முனையைத் தடுப்பில் ஒட்ட வைத்து இறக்கினோம். இடது 486, வலது 484. அன்றைய நாளில் நல்ல வேலை செய்தது அவன் பிடித்த டேப்தான்.

அடுத்து ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரப்பர் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள எந்த போல்ட்டையும் வண்டி தொங்கும்போது இறுக்கக் கூடாது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலையில்தான் ரப்பர் பிடித்துக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கி நின்றதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். ஸ்பேசர் வைத்தபோது நான் இந்தத் தவறைத்தான் செய்தேன், சில மாதங்களிலேயே ஆக்சிலைச் சேசியோடு பிடிக்கும் ஆர்மின் புஷ் கிழிந்துவிட்டது. இந்த முறை எல்லாவற்றையும் கையிறுக்கமாக விட்டு, வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகு, அடியில் படுத்து, குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் போட்டேன். இடுப்பு வலித்தது, ஆனாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

458-லிருந்து 485-க்கு ஏறியதில் ஆக்சில் பக்கவாட்டில் 6 மி.மீ. நகர்ந்திருந்தது. பான்ஹார்ட் ராடு சரிவாக இருப்பதால் உடல் மேலே போகப் போக, ஆக்சிலைத் தன் சேசி முனைப் பக்கம் இழுக்கும். என் ராடு நீளம் மாற்றக்கூடியது, மரை ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நான்கு சுற்று நீட்டியதும் நடுவுக்கு வந்துவிட்டது. ஸ்டியரிங் வீல் கொஞ்சம் சாய்ந்திருந்ததை, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கில் நேராக்கினேன். காஸ்டரை (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) சரிசெய்யும் ஆஃப்செட் புஷ் ஸ்பேசர் காலத்திலேயே போட்டது, உயரம் ஏறக்குறைய அதேதான் என்பதால் அதைத் தொடவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். அதே பள்ளம், அதே வேகம். பம்ப் ஸ்டாப் வரைக்கும் போகவே இல்லை. பிரேக்கில் மூக்கு குனிவது நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் மேடு ஏறி இறங்கினால் முன்பக்கம் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடியது. ஸ்பிரிங் 34 சதவீதம் விறைத்தால் அதை அடக்க ஷாக்கின் பிடியும் வர்க்கமூலக் கணக்கில் சுமார் 16 சதவீதம் கூட வேண்டும். என் ஷாக்கில் அதற்குத் திருகு இருக்கிறது. இரண்டு படி ஏற்றியதும் அந்த ஆட்டம் நின்றது.

ஆனால் வேகத்தடையில் புதிதாக ஒரு தொல்லை. முன்பக்கம் ஏறி அடங்கிய பிறகு பின்பக்கம் தனியாக ஒரு தாளத்தில் ஆடி, வண்டி குதிரை போல முன்னும் பின்னும் தலையாட்டியது. இதன் காரணத்தை 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். முன் சக்கரம்தான் மேட்டில் முதலில் ஏறுகிறது. பின்பக்கம் தாமதமாக ஆடத் தொடங்குவதால், அது கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து இரண்டும் சேர்ந்து அடங்கும். ஸ்பிரிங் எத்தனை மி.மீ. அமுங்கி நிற்கிறதோ அதன் வர்க்கமூலத்தால் 15.76-ஐ வகுத்தால் விநாடிக்கு எத்தனை ஆட்டம் என்று கிடைக்கும். முன்னால் 103 மி.மீ., அதனால் 1.55. பின்னால் பழைய ஸ்பிரிங் என் சாமான்களோடு 109 மி.மீ., அதனால் 1.51. ஓலி சொன்னதற்கு நேர் எதிர். முன்பக்கத்தை மட்டும் மாற்றிய என் வேலை பாதி வேலைதான்.

அடுத்த சனிக்கிழமை பின்னால் மி.மீ.-க்கு 18 இருந்த ஸ்பிரிங்கை எடுத்து 22 போட்டேன். வேலை அதே வேலை, இரண்டாவது முறை என்பதால் சீக்கிரம் முடிந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு ஸ்பிரிங்கின் முனையையும் அக்கா மகனே கையால் தடவிப் பார்த்து, “நிக்குது மாமா” என்று சொன்ன பிறகுதான் ஜாக்கியை ஏற்றினேன். பின் அமுக்கம் 89 மி.மீ., ஆட்டம் 1.67. தலையாட்டல் போய்விட்டது. அதே வேகத்தடையை வண்டி ஒரே மூச்சில் தாண்டுகிறது. வெறும் வண்டியாக ஓட்டும்போது பின்பக்கம் சற்று விறைப்பாகத்தான் இருக்கிறது. நான் எப்போதும் சாமான் ஏற்றி ஓட்டுபவன் என்பதால் எனக்கு அது பரவாயில்லை. சாமான் ஏற்றாதவர் 18-லேயே இருந்திருக்கலாம்.

கடைசியாக ஒரு முன் சக்கரத்தை மட்டும் சரிவுப் பலகையில் ஏற்றி நிறுத்தி, எதிர்ப்பக்கம் தொங்கும் சக்கரத்தில் ஹோஸ் இழுபடுகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் தளர்வு இருக்கிறது. டயர் எங்கும் உரசவில்லை. மூக்கு ஏறியதால் ஹெட்லைட் வெளிச்சமும் மேலே போயிருந்தது. அன்று இரவே சுவரில் அடித்துப் பார்த்துக் கீழே இறக்கினேன், எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கக் கூடாது.

600 கி.மீ. ஓடிய பிறகு நேற்று மறுபடி அளந்தேன். இடது 481, வலது 479. எதிர்பார்த்த 5 மி.மீ. இறங்கி அமர்ந்துவிட்டது. புஷ் போல்ட்டுகளில் ரெஞ்ச் போட்டதில் ஒன்று மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது, மற்றவை அசையவில்லை. டேப்பை இன்னும் உரிக்கவில்லை. 458-க்குக் கீழே புது எண்களை எழுதியிருக்கிறேன், இன்னும் ஒரு வரிக்கு அதில் இடம் இருக்கிறது.