விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டு

பொத்தானை அழுத்தியதும் எல்லா விசிறிகளும் சுழன்றன. கேபினட்டின் வண்ண விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மானிட்டர் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டு அணைந்துபோனது. புதிதாகப் பொருத்திய கணினி இப்படி அரை உயிரோடு நிற்பது, அடியோடு செத்துக் கிடப்பதைவிட எரிச்சலான விஷயம். செத்துக் கிடந்தால் பவர் சப்ளை, சுவிட்ச், கேபிள் என்று சந்தேகப் பட்டியல் சிறியது. இப்படி நின்றாலோ, வாங்கிய பொருள் அத்தனையின்மீதும் சந்தேகம் விழுகிறது.

நான் பொருத்தியது ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள பி650 மதர்போர்டு, ரைசன் 5 9600எக்ஸ் பிராசசர், 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, சேமிப்புக்கு ஒரு எம்.2 எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இந்தப் பிராசசருக்குள்ளேயே சிறிய அளவில் கிராபிக்ஸ் இருக்கிறது, ஆகவே மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இருந்தால் போதும். இன்டெலில் ‘எஃப்’ என்று முடியும் பிராசசர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றில் மதர்போர்டில் கேபிளைச் செருகிவிட்டு விடிய விடியக் காத்திருந்தாலும் படம் வராது.

நண்பனைத் தொலைபேசியில் பிடித்தேன். “முதலில் ராமை மாற்றிப் பார். சரிவரவில்லை என்றால் பவர் சப்ளையை மாற்று” என்றான். மாற்றிப் பார்க்க இன்னொரு ஜோடி கையில் வைத்திருப்பவனுக்கு அது நல்ல யோசனைதான். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் இருட்டில் கல்லெறியும் இந்த வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கணினி தொடங்குவதற்கு ஒரு வரிசை உண்டு. மின்சாரம் சீராகிவிட்டது என்று பவர் சப்ளை மதர்போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும். மதர்போர்டின் சிப்பில் இருக்கும் தொடக்க நிரலான பயாஸைப் பிராசசர் படிக்கத் தொடங்க வேண்டும். பிறகு ராம், அதன்பின் திரை, கடைசியில்தான் எஸ்எஸ்டி. எந்தப் படியில் நின்றுபோனது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் கழற்றக் கூடாது என்பது என் கட்சி.

இதைச் சொல்வதற்கென்றே பல மதர்போர்டுகளில் நான்கு சிறு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். என் போர்டில் அவை 24 முனை மின்கேபிளுக்குப் பக்கத்தில், கடுகளவில் இருந்தன: சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (திரை), பூட் (எஸ்எஸ்டியிலிருந்து தொடங்குவது). வண்ண விளக்குகளின் ஆர்ப்பாட்டத்தில் இவை கண்ணிலேயே படுவதில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். சிபியு விளக்கு சிவப்பாக, அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆக, ராமின் முறையே இன்னும் வரவில்லை.

சிபியு விளக்கு எரிந்தால் உடனே பார்க்க வேண்டியது பிராசசருக்கான 8 முனை மின்கேபிள். அது செருகப்படாமல் இருந்தாலும் விசிறிகள் சுழலும் என்பதால், விசிறி சுழல்வதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளுக்கும் 8 முனைதான், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான்கு நான்காகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. என்னுடையது சரியான கேபிள், கொக்கியும் விழுந்திருந்தது. கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேறொரு பவர் சப்ளையின் கேபிளை எடுத்து இதில் மாட்டவே கூடாது. பவர் சப்ளைப் பக்க முனையின் கம்பி வரிசைக்குப் பொதுவான தரம் இல்லை. செருகி கச்சிதமாகப் பொருந்தும், எஸ்எஸ்டியோ போர்டோ கருகும்.

அடுத்து, போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டியின்மேல் வைத்தேன். அது வந்த வெள்ளி நிறப் பையின்மேல் வைப்பவர்கள் உண்டு. அந்தப் பையின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது, அட்டையே பத்திரம். பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை, இவ்வளவுதான் மிச்சம். ராமைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது இடத்தில் மாட்டினேன். கேபினட்டின் பொத்தான் இல்லாததால், அது சேரும் இரண்டு ஊசிகளையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டேன். விசிறி சுழன்றது, அதே சிவப்பு விளக்கு. கேபினட்டின் உலோகம் போர்டின் அடியில் எங்காவது பட்டிருக்குமோ என்ற சந்தேகம் அத்துடன் தீர்ந்தது. பயாஸ் அமைப்புகளை அழிப்பதற்காக, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு மாட்டியும் பலனில்லை.

இனி சாக்கெட்டைத் திறந்து பார்க்காமல் தீராது. ஏஎம்5-இல் பிராசசரை ஓர் உலோகச் சட்டம் அழுத்திப் பிடித்திருப்பதால், கூலரை எடுக்கும்போது பசையோடு பிராசசரும் பிய்த்துக்கொண்டு வரும் ஏஎம்4 கால அவஸ்தை இல்லை. சாக்கெட்டில் 1718 ஊசிகள். நேரே மேலிருந்து பார்த்தால் ஒன்றும் புலப்படாது. கைபேசி டார்ச்சை ஒரு பக்கமாகத் தாழ்த்திப் பிடித்தால், ஊசி வரிசைகள் ஒரே சீராக மினுங்கும், வளைந்த ஊசி மட்டும் ஒளியைத் தப்பான திசையில் திருப்பும். நான்கு பக்கமிருந்தும் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக நின்றன.

கழற்றிய நேரத்தில்தான் பயாஸ் சிப்பின்மேல் ஒட்டியிருந்த துணுக்கு ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. அதில் பதிப்பு எண் இருந்தது. தயாரிப்பாளரின் தளத்தில் ஒவ்வொரு பிராசசருக்கும் எந்தப் பதிப்பிலிருந்து ஆதரவு என்று பட்டியல் போட்டிருப்பார்கள். 9600எக்ஸுக்கு நேரே இருந்த எண், ஸ்டிக்கரில் இருந்ததைவிட வெகுதூரம் முன்னே போயிருந்தது. விஷயம் எளிமையானது. பி650 போர்டுகள் 2022 அக்டோபரில் வந்தவை, 9600எக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தது. சாக்கெட் ஒன்றுதான், ஆனால் கிடங்கில் கிடந்த பழைய போர்டுக்குப் புதிய பிராசசரை அடையாளமே தெரியாது. பெட்டியின்மேல் ‘ஏஎம்5’ என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்கள், உள்ளே இருக்கும் பயாஸ் பதிப்பையும் போட்டிருக்கலாம்.

பிராசசர் இயங்காமல் பயாஸைப் புதுப்பிக்கும் வசதி இந்தப் போர்டில் இருந்தது. பின்பக்கம் ஒரு யூஎஸ்பி துளையைச் சுற்றிக் கட்டமிட்டு, அருகிலேயே சிறு பொத்தான் வைத்திருந்தார்கள். பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்க வேண்டும். பெரிய பென் டிரைவ்கள் எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன, ஆகவே பழைய 16 ஜிபி ஒன்றைத் தேடி எடுத்தேன். கோப்புக்குக் கையேட்டில் சொன்ன பெயரை அட்சரம் பிசகாமல் வைத்தேன். பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்ததும் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. அது நிற்கும்வரை மின்சாரம் போகக் கூடாது என்பதுதான் இதில் உள்ள ஒரே பயம்.

சிமிட்டல் நின்றபின் மறுபடி இயக்கினேன். சிபியு விளக்கு அணைந்து டிராம் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பலர் பொறுமை இழந்து மின்சாரத்தை நிறுத்துவது இந்த இடத்தில்தான். டிடிஆர்5 ராமை முதன்முறை இயக்கும்போது மதர்போர்டு அதற்கான நேர அளவுகளைச் சோதித்துச் சோதித்துத்தான் தேர்ந்துகொள்கிறது. பல நிமிடங்கள் ஆகலாம், அதுவரை திரையில் ஒரு புள்ளிகூட வராது. இடையில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் முதலில் வந்தது ஒரு கேள்வி: புதிய பிராசசர் மாட்டப்பட்டிருக்கிறது, எஃப்டிபிஎம்மை (பிராசசரோடு வரும், பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) மீட்டமைக்கவா? புதுக் கணினியில் யோசிக்காமல் சம்மதிக்கலாம். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்ட பழைய வட்டை மாட்டியிருப்பவர்கள், மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பதில் சொல்ல வேண்டும்.

போர்டைக் கேபினட்டில் திரும்பப் பொருத்தி இரண்டாவது ராமையும் மாட்டினேன். ராம் 4800 வேகத்தில் ஓடியது. பயாஸில் எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்கி, வாங்கிய வேகமான 6000-க்குக் கொண்டுவந்தேன். அதற்கும் ஒரு முறை திரை இருண்டு, சற்று நேரம் எடுத்தது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிட்டேன், காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யம். பூட் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எஸ்எஸ்டியில் இயங்குதளமே இல்லாதபோது அது எரிவதுதான் முறை. இன்ஸ்டால் முடிந்ததும் அதுவும் அணைந்தது.